உறைக்குள் ஒரு கையெழுத்து

அட்டெஸ்டேஷன் என்றால் என்னவென்று நம் சீனியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மார்க் ஷீட், டி.சி. எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, பச்சை மைப் பேனாவோடு உட்கார்ந்திருக்கும் கெஜட்டட் ஆபீஸரைத் தேடி அலைந்த தலைமுறை நாம். 2014-ல் மத்திய அரசு, அவரவர் கையெழுத்தே போதும் என்றது. அலைச்சல் குறைந்தது. ஆனால் காகிதம் போகிற இடமெல்லாம் அதிலுள்ள அத்தனை விவரமும் கூடவே போவது நிற்கவில்லை. ஃபர்ஸ்ட் கிளாஸா என்று மட்டும் கேட்கிற கம்பெனிக்கு, ஒவ்வொரு பேப்பரிலும் வாங்கிய மார்க்கும், அப்பா பெயரும், சாதியும் எதற்கு?

இந்தக் கேள்விக்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்டு விடை சொன்னவர் டேவிட் சௌம் என்ற அமெரிக்கர். 1982-ல் அவர் சொன்ன 'குருட்டுக் கையெழுத்து' முறைக்கு அவரே கொடுத்த உதாரணம், கார்பன் தாள் வைத்த உறை. ஒரு சீட்டை அந்த உறைக்குள் போட்டு ஒட்டி அதிகாரியிடம் நீட்டுகிறீர்கள். அவர் உறைமேல் கையெழுத்துப் போட, அது உள்ளே சீட்டில் பதிகிறது. வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்தால் அசல் கையெழுத்தோடு சீட்டு உங்கள் கையில். நாளைக்கு அதை எங்கே காட்டினாலும், "ஆமாம், என் கையெழுத்துதான்" என்பார். யாருக்குப் போட்டோம் என்று அவராலேயே சொல்ல முடியாது. கம்ப்யூட்டரில் உறையின் வேலையை ஒரு ரகசிய எண் பார்த்துக்கொள்கிறது. அதை வைத்துப் பெருக்கி அனுப்ப வேண்டும், கையெழுத்தானதும் வகுத்து எடுத்துவிட வேண்டும். கணக்கு வகுப்பில் தூங்கியவர்கள் இப்போது வருத்தப்படலாம்!

படிக்காமலே கையெழுத்துப் போட்டால் அதற்கு என்ன மதிப்பு என்று கேட்பீர்கள். பட்டதாரிக்கு ஒரு முத்திரை, லைசென்ஸுக்கு இன்னொன்று என்று முத்திரையிலேயே அர்த்தத்தை வைத்துவிட்டால் போதும். 1985-ல் சௌம் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் நாம் வேறு வேறு புனைபெயரில் தெரிவோம். ஒன்று தந்த சான்றிதழை இன்னொன்றில் காட்டலாம். இரண்டும் கூடிப் பேசினாலும் நம்மை இணைத்துப் பார்க்க முடியாது. இதற்காக ஆளுக்கொரு சின்ன கம்ப்யூட்டர், கார்டு அளவில், நம் கையிலேயே இருக்கும் என்றார். அப்போது நம் நாட்டில் செல்போனே கிடையாது!

சௌமின் டிஜிகேஷ் கம்பெனி 1998-ல் திவாலானது. என்னைக் கேட்டால், கணக்கில் எந்தக் குறையும் இல்லை. வாடிக்கையாளரைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமல் இருக்க எந்தக் கம்பெனிதான் காசு செலவழிக்கும்? 2001-ல் காமெனிஷ், லிசியன்ஸ்காயா இருவரும், ஒரே சான்றிதழைப் பலமுறை, வேண்டிய பகுதியை மட்டும் காட்டும் வழியைத் தந்தார்கள். 2019-ல் டபிள்யூ3சி இத்தகைய டிஜிட்டல் சான்றிதழ்களுக்குப் பொதுத் தரமே வெளியிட்டது.

நம் ஊரில் 2015-ல் டிஜிலாக்கர் வந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் தனிநபர் தரவுச் சட்டமும் வந்தாயிற்று. ஆனாலும் ஜூனியர்கள் வேலைக்கு மார்க் ஷீட் அனுப்பினால், முழு மார்க் ஷீட்டும்தான் போகிறது. பல்கலைக்கழகம் மொத்தத் தாளுக்கு ஒரே கையெழுத்துப் போடாமல், பெயர், வருஷம், வகுப்பு, ஒவ்வொரு பேப்பரின் மார்க் என்று வரிக்கு வரி தனி முத்திரை வைத்துக் கொடுத்தால், வேண்டிய வரியை மட்டும் காட்டலாம். ஃபைனல் இயர் பிராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் ஜூனியர் யாராவது இருந்தால், நம் காலேஜ் மார்க் ஷீட்டிலேயே ஆரம்பியுங்களேன்.