ரசிகர் ஓவியம்
பிறர் படைத்த கதைமாந்தரை வாசகரோ பார்வையாளரோ தம் புரிதலுக்கேற்ப வரையும் ஓவிய வகை. நேர்ப்படி, மறுகற்பனை என இருவகைப்படும். பின்னதில் பாத்திரத்தின் குணம், குற்றம், நோக்கம் ஆகியவை ஆராயப்பட்டு, நிற்கும் தோரணை, பார்வை, உடை, நிறம் ஆகியவற்றால் உணர்த்தப்படும். ஓவியரின் தனித்தன்மை வெளிப்படுவதும் இதிலேயே.

தமிழில் இதற்கு வளமான களம் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடர்கதை (1950–54). அதன் கதைமாந்தருள் ஒருத்தியான நந்தினி, தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த ஆண்டாள் கொண்டையிட்ட உருவிலேயே வாசகர் மனத்தில் நிலைத்தாள். அவ்வுருவிலிருந்து விலகுவதே பின்வந்தோர்க்குச் சவால். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையானதால் அவர் மாந்தரை வரைய அனுமதி தேவையில்லை. மணியத்தின் கோடுகளை நகலெடுப்பதற்கு இது பொருந்தாது.

பெங்களூரு வைட்ஃபீல்டின் கே.டி.பி.ஓ. கண்காட்சி வளாகத்தில் நடந்த காமிக் கான் என்னும் சித்திரக்கதை விழாக்களில் ஓவியர்கள் கடையிட்டு, ரசிகர் ஓவியம் உள்ளிட்ட தம் படைப்புகளை விற்றுள்ளனர்.