பிளாஸ்டிக் கழிவிலிருந்து எரிபொருள்: அரை நூற்றாண்டு முயற்சிகளும் இந்தியாவுக்கான பாடமும்

முன்னுரை

பிளாஸ்டிக் கழிவை எரிபொருளாக மாற்றினால் குப்பை மேடும் குறையும், எண்ணெய் இறக்குமதிச் செலவும் குறையும் என்ற நம்பிக்கை அரை நூற்றாண்டாகப் பல நாடுகளை ஈர்த்து வந்திருக்கிறது. தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்கும் இந்தியாவில் இந்த ஈர்ப்பு இன்னும் வலுவானது. ஆனால் ஜெர்மனியும் ஜப்பானும் நமக்கு முன்பே இப்பாதையில் இறங்கி, ஆலைகளைக் கட்டி, அவற்றுள் முக்கியமானவற்றை மூடியும் இருக்கின்றன. கழிவைத் திரட்டவும் தரம்பிரிக்கவும் பதப்படுத்தவும் ஆகும் செலவை யார் ஏற்பது என்பதே அவற்றின் ஆயுளைத் தீர்மானித்தது, வேதியியல் அன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. தொழில்நுட்பத்தின் வேர்

நீண்ட ஹைட்ரோகார்பன் சங்கிலிகளை வெப்பத்தால் உடைப்பது எண்ணெய்ச் சுத்திகரிப்புத் துறையின் பழைய வித்தை. ரஷ்யப் பொறியாளர் விளாதிமிர் ஷூகோவ் 1891இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1913இல் அமெரிக்காவில் வில்லியம் பர்ட்டனின் முறை வணிக அளவில் நடைமுறைக்கு வந்தது. 1933இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலிஎத்திலீனும், 1950களில் வந்த பாலிபுரோப்பிலீனும் இதே வகை நீண்ட சங்கிலிகள்தாம். பிராணவாயு புகாத கலனில் ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் அவை உடைந்து ஆவியாகும். ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய் கிடைக்கும். குளிராத வாயுவை எரித்துக் கலனுக்கு வேண்டிய வெப்பத்தைப் பெறலாம். அடியில் கரி தங்கும்.

சிக்கல் கலப்படத்தில் இருக்கிறது. பி.வி.சி. சூடானதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிட்டு இரும்புக் கலன்களை அரிக்கும். குடிநீர் பாட்டில்களுக்கான பெட் பிளாஸ்டிக் தரும் அமிலப் பொருள்கள் குழாய்களில் படிந்து அடைக்கும். ஈரமும் மண்ணும் உணவு எச்சமும் எண்ணெயின் அளவையும் தரத்தையும் கெடுக்கும். ஆய்வகத்தில் சுத்தமான பாலிஎத்திலீன் துண்டுகள் தரும் விளைச்சலை நகராட்சிக் குப்பை தராததற்கு இதுவே காரணம்.

2. ஜெர்மனி: தொடக்கமும் தயக்கமும்

1973இன் எண்ணெய் நெருக்கடி இத்துறைக்கு உந்துதல் தந்தது. 1970களில் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ்யோர்க் சின், வால்டர் காமின்ஸ்கி ஆகியோர் சூடான மணல் படுகையில் பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் முறையை உருவாக்கினர். 1991ஆம் ஆண்டின் பொதி ஒழுங்குமுறைச் சட்டம், பொதிகளைச் சந்தையில் விடும் நிறுவனங்களே அவற்றின் கழிவுக்கும் பொறுப்பு என்றது. அதனால் தனியே திரட்டப்பட்ட பிளாஸ்டிக் பெருமளவில் குவிந்தது.

பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1994இல் லுட்விக்ஸ்ஹாஃபனில் ஆண்டுக்கு 15,000 டன் திறனுள்ள முன்னோட்ட ஆலையை இயக்கியது. 3 லட்சம் டன் ஆலைக்கான திட்டமும் இருந்தது. கழிவு நீண்ட காலத்துக்குக் கிடைக்கும் என்ற உறுதியும், அதைக் கையாளப் போதிய கட்டணமும் அமையாததால் 1996இல் முன்னோட்ட ஆலையே மூடப்பட்டது. நிலக்கரியைத் திரவமாக்கக் கட்டப்பட்டு, பின்னர் பிளாஸ்டிக்கை ஏற்ற போட்ரோப் ஆலையும் 1990களின் இறுதியில் நின்றது.

3. ஜப்பான்: முழுமையான சோதனை

எண்ணெய் வளம் மிகக் குறைந்த ஜப்பான் இம்முயற்சியை இன்னும் தொலைவு கொண்டுசென்றது. 1995இல் இயற்றப்பட்ட கலன், பொதி மறுசுழற்சிச் சட்டம் 2000 ஏப்ரலில் எல்லாப் பிளாஸ்டிக் பொதிகளுக்கும் விரிந்தது. குடும்பங்கள் வீட்டிலேயே பிரித்தன, நகராட்சிகள் திரட்டிக் கட்டுகளாக்கின, உற்பத்தியாளர்கள் மறுசுழற்சிச் செலவை ஏற்றனர். எண்ணெயாக்கம் சட்டப்படி ஏற்கப்பட்ட வழிகளுள் ஒன்றாயிற்று. நீகாட்டாவில் ஆண்டுக்கு 6,000 டன் திறனுள்ள ஆலையும், சப்போரோவில் தோஷிபா குழுமத்தின் 14,800 டன் ஆலையும் இயங்கின.

சப்போரோ ஆலை தொழில்நுட்ப அளவில் பெரும் சாதனை. முதல் கட்டத்திலேயே குளோரினைப் பிரித்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாக மீட்டது. எண்ணெயை மூன்று தரங்களாகப் பிரித்து, ஒரு பகுதியை ஆலையின் மின்சாரத் தேவைக்கே பயன்படுத்தியது. ஆயினும் ஏறத்தாழ பத்தாண்டு ஓடிய பின் அது நின்றது. கழிவு ஏலத்தில் ஒதுக்கப்பட்டது. அதில் பொருள் மறுசுழற்சிக்கு முன்னுரிமை இருந்தது. எஞ்சியதற்கான போட்டியில் செலவு மிகுந்த எண்ணெயாக்கம் தாக்குப்பிடிக்கவில்லை.

அதே சட்டத்தின் கீழ் வேறு இரண்டு வழிகள் நிலைத்தன. நிப்பான் ஸ்டீல் நிறுவனம் 2000 முதல் பிளாஸ்டிக்கை நிலக்கரியுடன் கலந்து கோக் உலைகளில் இட்டது. இட்டதில் சுமார் 40 சதவீதம் எண்ணெயாகவும், 40 சதவீதம் வாயுவாகவும், 20 சதவீதம் கோக்காகவும் மாறியது. கவாசாகியில் ஷோவா டெங்கோ 2003 முதல் பிளாஸ்டிக்கை வாயுவாக்கி அம்மோனியா தயாரித்தது. இரண்டுக்கும் பின்னால் ஏற்கெனவே இயங்கிய பெரிய தொழிற்சாலையும், விளைபொருளை அங்கேயே ஏற்கும் பிரிவுகளும் இருந்தன. தனித்து நின்ற எண்ணெய் ஆலைக்கு அந்த ஆதரவு இல்லை.

4. இந்திய முயற்சி

டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம், கெயில் நிறுவனத்துடன் இணைந்து 2019 ஆகஸ்டில் நாளொன்றுக்கு 1 டன் கழிவை டீசலாக்கும் ஆலையைத் தொடங்கியது. ஒரு டன்னிலிருந்து சுமார் 800 லிட்டர் டீசல் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிக்கு உதவாத பிளாஸ்டிக்கைச் சாலைக்கும் எரிசக்திக்கும் எண்ணெய்க்கும் பயன்படுத்த உள்ளாட்சிகள் ஊக்குவிக்க வேண்டும் என்கின்றன.

இந்த மூன்று வழிகளும் ஒரே கழிவுக்குப் போட்டியிடுகின்றன. பழைய இரும்புக் கடையில் விலைபோகும் பாட்டிலும் குடமும் மறுசுழற்சிக்குப் போய்விடுகின்றன. எஞ்சுவது அழுக்கேறிய பைகளும் பல அடுக்கு உறைகளும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் வகுத்த பிளாஸ்டிக் தார்ச்சாலை முறை இவற்றில் ஒரு பங்கை ஏற்கிறது. தமிழக உள்ளாட்சிகள் இவற்றை எரிபொருளாக அரியலூர் வட்டாரச் சிமெண்ட் ஆலைகளுக்கும் அனுப்புகின்றன. எரிபொருள் ஆலை இவற்றுக்கு நடுவேதான் தன் இடத்தைத் தேட வேண்டும்.

5. நாட்டுக்கு எவ்வளவு பயன்?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்கின்படி 2020-21இல் இந்தியாவில் உருவான பிளாஸ்டிக் கழிவு சுமார் 41 லட்சம் டன். அவ்வாண்டு நாடு நுகர்ந்த பெட்ரோலியப் பொருள்கள் ஏறத்தாழ 19.4 கோடி டன். கழிவு முழுவதையும் 80 சதவீத எடை விளைச்சலில் எண்ணெயாக்கினாலும் 33 லட்சம் டன்தான் தேறும். நுகர்வில் அது 1.7 சதவீதம். உண்மையில் மறுசுழற்சிக்குப் போவதையும் திரட்ட முடியாததையும் கழித்தால் இதுவும் மிகச் சுருங்கும். அந்த எண்ணெயை எரிக்கும்போது புதைபடிவக் கரிமம் காற்றில் கலக்கவும் செய்யும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டம் எரிபொருளாக்குவதை மறுசுழற்சி என்று ஏற்காததும் கவனிக்கத்தக்கது.

முடிவுரை

பிளாஸ்டிக் எரிபொருள் இறக்குமதியைக் குறைக்கும் வழி என்று எதிர்பார்ப்பது தவறான அளவுகோல். வேறு கதியற்ற கழிவை வாய்க்காலிலும் வயலிலும் திறந்தவெளித் தீயிலும் சேரவிடாமல் அகற்றும் பொதுச்சேவை அது. அச்சேவைக்கான கூலியை, 2022இல் வெளியான உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதல்களின் அடிப்படையில், பொதிகளை விற்கும் நிறுவனங்கள் டன் கணக்கில் நீண்ட கால ஒப்பந்தமாகத் தர வேண்டும். தனி ஆலைகளைச் சிதறலாகக் கட்டுவதை விட, மணலி போன்ற சுத்திகரிப்பு மையங்களுடன் இணைத்து, கிடைக்கும் எண்ணெயைப் புதிய பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருளாக்குவது மேல். இவை எல்லாவற்றுக்கும் முன், வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் பழக்கமும், அதைத் திரட்டும் தூய்மைப் பணியாளர்களுக்கு நியாயமான ஊதியமும் பாதுகாப்பும் வேண்டும். ஆலைக்கு ஒதுக்கும் முதலீட்டில் ஒரு பங்கு முதலில் அவர்களைச் சேர வேண்டும் என்பதே லுட்விக்ஸ்ஹாஃபன் முதல் சப்போரோ வரையிலான அனுபவம் இந்தியாவுக்கு வலியுறுத்தும் பாடம்.