சாலிம் அலி காணாத மயில்

1933ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கக் கிளம்பினார். மனைவி தெஹ்மினாவும் உடன் போனார். மறையூர், மூணாறு, சாந்தன்பாறை, தட்டேக்காடு, குமுளி என்று முகாம் மாறிக்கொண்டே இருந்தது. பாலக்காட்டுப் பக்கம் நெம்மாறைக்கும் போனார்கள். அன்று திருவிதாங்கூரில் இருந்த ஆரல்வாய்மொழிக்கும் கன்னியாகுமரிக்கும்கூடப் போனார்கள்.

காட்டுக்குள் ஒளிந்து வாழும் பறவைகள்கூட அவருடைய குறிப்பேட்டில் ஏறின. மயில் ஏறவில்லை. ஆய்வு நடந்த 19 இடங்களில் ஒன்றில்கூட அது அவர் கண்ணில் படவில்லை.

தமிழ்நாட்டுக்காரருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். குமுளி மலைப்பாதையில் இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கு; அங்கே மயில் வயலில் மேயும் சாதாரணப் பறவை. மேலே ஏலப்பாறை, பீர்மேடு பக்கம் கதையே வேறு. தென்மேற்குப் பருவமழை அங்கே விடாமல் பெய்யும். மயிலுக்குப் பிடித்தது வறண்ட புதர்க்காடும் இலையுதிர்காடும் திறந்தவெளியும். ஏலப்பாறைத் தேயிலைக்குள் ஒரு மயில் நின்றால், தோட்டக் குடியிருப்பான லயத்துப் பெரியவர்கள் கொளுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்ப்பதில் நியாயம் உண்டு.

ஆனால் அகப்பொருள் இலக்கணம் மயிலைக் குறிஞ்சியின் பறவையாக அல்லவா வைத்திருக்கிறது? வைத்திருக்கிறது, எந்த மலை என்பதுதான் கேள்வி. மயிலுக்குப் போர்வை தந்த பேகன் ஆண்டது பழனி மலைப்பக்கம். அது மழைமறைவுச் சரிவு, இன்றைய இடுக்கிக்குக் கிழக்கே இருப்பது. வள்ளல் ஒருவேளை ஏலப்பாறையில் பிறந்திருந்தால் போர்வை தனக்கே போதாமல் போயிருக்கும்!

சாலிம் அலி போன அதே இடங்களுக்கு 2009இல் மறுபடியும் பறவை ஆய்வாளர்கள் போனார்கள். இம்முறை 10 இடங்களில் மயில் இருந்தது. இந்த மாற்றத்தை அளந்து சொல்ல முடிந்ததற்குக் காரணம், முதல் ஆய்வு இல்லாததையும் நம்பகமாகக் காட்டியதுதான். அரிய பறவையைத் தேடி ஓடும் இன்றைய ஆர்வலர்கள், காக்கை, மயில் போன்ற பழகிய பறவைகளை எழுதாமல் விட்டுவிடுவதுண்டு. அடுத்த தலைமுறைக்குப் பெரிய நஷ்டம் அது.

கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சஞ்சோ ஜோஸ், பி. ஓ. நமீர் இருவரும் இந்தப் பரவலைக் கணினி மாதிரி கொண்டு ஆராய்ந்தார்கள். இப்போது கேரளத்தின் ஏறக்குறைய 19 சதவீத நிலம் மயிலுக்கு ஏற்றது. 2050க்குள் அது 41 முதல் 55 சதவீதம் வரை விரியலாம் என்பது அவர்கள் கணிப்பு. நிலம் வறள்வதன் அடையாளமாக அவர்கள் இதைப் பார்க்கிறார்கள். அது முழுக்காரணமாக இருக்க வாய்ப்பில்லை. 1963இல் மயில் தேசியப் பறவையானது, 1972இன் வனவுயிர்ச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. காடு திருத்தப்பட்ட இடங்களில் திறந்தவெளியும் பெருகியது.

பாலக்காட்டுக் கணவாய் வழியே வறண்ட காற்று கேரளத்துக்குள் வரும். பாலக்காடு மாவட்டத்தின் சூலனூரில் மயிலுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. 1958இல் மலையாளத்தில் ‘கேரளத்திலே பக்ஷிகள்’ எழுதிய கே. கே. நீலகண்டன் நினைவாக அமைந்தது அது. பாலக்காட்டு நெல் விவசாயிகளோ, கதிர் முற்றும் நேரத்தில் மயிலை விரட்ட வரப்பில் ஆள் நிறுத்துகிறார்கள்.