ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு: மருந்தியலை எப்படிப் படிப்பது?

பிளஸ் 2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்த நம் பிள்ளைகளுக்கு உள்ள வாய்ப்புகளில் ஒன்று பி.எஸ்சி. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட். 1965-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்தப் படிப்பு, 1992-இல் சென்னைக்கு வந்தது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் 3 ஆண்டு படிப்பும் 1 ஆண்டு மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு.

இதில் பலரும் திணறும் பாடம் மருந்தியல். நூற்றுக்கணக்கான மருந்துப் பெயர்களைப் பார்த்ததும் மாணவர்கள் மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஆனால் பாடத்தின் அடிப்படை இரண்டே கேள்விகள்தான்: மருந்து உடலில் என்ன செய்கிறது? உடல் அந்த மருந்தை என்ன செய்கிறது?

ஓர் உதாரணம். வீட்டில் எல்லாவற்றையும் ‘சுகர் மாத்திரை’ என்போம். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. சாப்பிடாத நேரத்திலும் இது தொடர்வதால், நோன்பு நாளின் பகலில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதைக் குறைக்கிறது. அதை மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை அப்படித் தாழ்வது அரிது. பெயரை மட்டும் படித்தவருக்கு இரண்டும் ஒன்றே. செயலைப் படித்தவர், ரமலானுக்கு முன்பே நோயாளியிடம் மாத்திரையை விசாரித்து மருத்துவரிடம் தெரிவிப்பார்.

படிக்க எளிய வழி, மருந்துகளைக் குடும்பமாகப் பிரிப்பது. எனலாப்ரில், ராமிப்ரில் போன்று ‘ப்ரில்’ என்று முடிபவை ரத்த அழுத்த மருந்துகள். சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அட்டெனலால், மெட்டோப்ரலால் இதயத் துடிப்பைக் குறைப்பவை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் செயல், பக்கவிளைவு, யாருக்குக் கூடாது, எதனுடன் சேரக்கூடாது என நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது வார்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் ‘இந்த மருந்து ஏன்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

பெற்றோர் ஒன்றை முன்கூட்டியே அறிய வேண்டும். இது மருத்துவர் பட்டம் அல்ல. மருத்துவரின் மேற்பார்வையில்தான் பணி. தனியாக கிளினிக் வைக்கவோ, மருந்து எழுதவோ முடியாது. ஆகவே படிக்கும் பிள்ளையிடம் உறவினர்கள் மாத்திரை கேட்டு நெருக்க வேண்டாம். ‘டாக்டரிடம் காட்டுங்கள்’ என்று அந்தப் பிள்ளை சொன்னால், பாடத்தைச் சரியாகப் படித்திருக்கிறது என்று பொருள்.