மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? நரம்பையும் பாருங்கள்

2009 மார்ச்சில், புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் ஏற்றப்பட்ட காயக்காரர்கள் புல்மோட்டையில் இறக்கப்பட்டு, அங்கே இந்திய மருத்துவக் குழு அமைத்த வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றார்கள். போர்க்காயங்களோடு வாழ்பவர்களிடம் கைகால் பலவீனத்தைப் பற்றிக் கேட்டால், “பழைய காயம்தான்” என்ற பதிலையே நான் அடிக்கடி கேட்கிறேன். எல்லாப் பலவீனமும் காயத்தால் வருவதல்ல.

சி.ஐ.டி.பி. எனப்படும் நாட்பட்ட நரம்பு அழற்சியில், நோயெதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையைத் தாக்குகிறது. பெரும்பாலும் இருபக்கக் கைகால்களும் 8 வாரங்களுக்கு மேலாகப் படிப்படியாகப் பலமிழக்கும், விறைப்பும் வரும். அரிதாக, உதரவிதானத்தை இயக்கும் நரம்பும் பாதிக்கப்படும். அப்போது நுரையீரல் நன்றாக இருந்தாலும் மூச்சு போதாது.

மல்லாந்து படுக்கையில் மூச்சு முட்டுதல், காலைத் தலைவலி, பகல் தூக்கம், பலமற்ற இருமல் ஆகியவை எச்சரிக்கைகள். விரலில் மாட்டும் கருவி காட்டும் ஒட்சிசன் அளவை மட்டும் நம்ப வேண்டாம். அது பிந்தித்தான் குறையும். மூச்சுக் கொள்ளளவை இருந்தபடியும் படுத்தபடியும் அளக்க முடியுமா என வைத்தியரிடம் கேளுங்கள். உடலில் எறிகணைச் சிதறல் இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கட்டாயம் சொல்லுங்கள்.

ஸ்டீரொய்ட், இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் எனச் சிகிச்சைகள் உண்டு. புல்மோட்டையிலிருந்து திருகோணமலை நகரம் 50 கிலோமீற்றருக்கு மேல். கால் தளரும்போதே புறப்படுங்கள்; மூச்சு முட்டினால் அன்றே, அவசரப் பிரிவுக்கு.