பசைக்கும் பெயிண்டுக்கும் பரீட்சை வைக்கும் வேலை: ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் பட்டதாரி பயிற்சி.. யார் சேரலாம்?

விண்கலத்தில் ஒட்டும் பசையிலிருந்து வயரின் மேலுறை வரை எதையும் சோதிக்காமல் மேலே அனுப்ப மாட்டார்கள். வெற்றிடத்தில் பிளாஸ்டிக், பெயிண்ட் எல்லாம் மெல்ல ஆவியை வெளிவிடும். அது கேமரா லென்ஸில் படிந்தால் துடைக்க யார் போவது?

2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் தொலைநோக்கியில் கிட்டத்தட்ட இதுதான் நடந்துச்சு. பூமியில் இருக்கும்போது பாகங்கள் உறிஞ்சிய ஈரம், 15 லட்சம் கி.மீ. தள்ளிப் போய் பனிப்படலமாகப் படிந்து பார்வையை மங்கவைத்தது. 2024 மார்ச்சில் ஒரு கண்ணாடியை மட்டும் 34 டிகிரி சூடேற்றிய பிறகுதான் தெளிந்தது.

இப்படிப்பட்ட சோதனைகளுக்கான ஆய்வகம் நெதர்லாந்தின் நூர்ட்விக்கில், எஸ்டெக் மையத்தில் இருக்கு. பொருளை வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம் வைப்பார்கள். நீராவி போக எடை இழப்பு 1 சதவீதத்தையோ, பக்கத்துத் தட்டில் படிவது 0.1 சதவீதத்தையோ தாண்டினால் பொதுவாக ஃபெயில்தான். அணு ஆக்சிஜன் அரிப்பு, வெயில்-நிழல் வெப்பச் சுழற்சி என இன்னும் பல டெஸ்ட்கள் இருக்கு.

இங்கே பயிற்சி 1 ஆண்டு, சம்பளத்தோடு. இன்னும் 1 ஆண்டு நீட்டிக்கவும் வாய்ப்புண்டு. முதுகலை முடித்தவர்களும் இறுதியாண்டு படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வழக்கமாக பிப்ரவரியில் வரும்.

ஆனால் இந்தியக் குடியுரிமை இருந்தால், மார்க் எவ்வளவு இருந்தாலும் முடியாது. பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் போன்ற உறுப்பு நாடுகளின் குடியுரிமை பெற்ற தமிழ்ப் பிள்ளைகள் தாராளமா முயற்சிக்கலாம். இங்கே இருப்பவர்கள் இஸ்ரோவின் ஆள்சேர்ப்பு அறிவிப்பைத்தான் பார்க்கணும்.