சோழர் வந்த ஆட்டமும் நமது தயக்கமும்

'சிவிலைசேஷன்' கணினி ஆட்டத் தொடரின் ஏழாம் பதிப்பு 2025 பிப்ரவரி 11 அன்று வெளிவந்தது. ஆடுபவர் ஏற்று நடத்தக்கூடிய நாகரிகங்களுள் ஒன்றாகச் சோழர் அதில் இடம்பெற்றிருக்கிறார்கள். முந்தைய பதிப்புகளில் இந்தியா என்று ஒரே பெயர் இருக்கும். அதற்குத் தலைவராகப் பெரும்பாலும் காந்தியார் நிற்பார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அத்தொடர் அறிந்த இந்தியா அவ்வளவே. ஆகவே இந்தச் செய்தி கிடைத்த அன்றே நாம் கடைக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பல மாதங்கள் தயங்கி நின்றோம். அந்தத் தயக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதால் அதை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

சிட் மையர், புரூஸ் ஷெல்லி ஆகிய இருவரும் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலிருந்த மைக்ரோபுரோஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த முதல் ஆட்டம் 1991-இல் வந்தது. அதற்கு முன்பே, 1980-இல், பிரான்சிஸ் டிரெஷாம் என்பவர் அதே பெயரில் ஒரு பலகை ஆட்டத்தை ஆக்கியிருந்தார். ஷெல்லி முன்னர் பணியாற்றிய அவலான் ஹில் நிறுவனமே அப்பலகை ஆட்டத்தை அமெரிக்காவில் வெளியிட்டது. கணினி ஆட்டத்தின் அமைப்பு எளியது. கி.மு. 4000-இல் ஒரு சிறு குடியேற்றக் கூட்டத்துடன் தொடங்குகிறோம். ஊர் அமைக்கிறோம், உழுகிறோம், எழுத்தைக் கண்டறிகிறோம், அயலாரோடு பேசுகிறோம் அல்லது போரிடுகிறோம். கடைசியில் விண்கலம் ஏவுகிறோம். எல்லாம் முறை வைத்து நடக்கும். நம் முறை முடிந்ததும் மற்றவர் முறை. 'இன்னும் ஒரே ஒரு முறை' என்று சொல்லிக்கொண்டே விடியும்வரை அமர்ந்திருப்பது இத்தொடரை ஆடியோர் அனைவரும் அறிந்த நோய்.

நமக்கு அந்த நோய் இரண்டாம் பதிப்பில் தொற்றியது. பிரையன் ரெனால்ட்ஸ் தலைமையில் 1996-இல் வந்த அதனை நண்பர் வீட்டுக் கணினியில், அவருடைய தந்தையார் உறங்கிய பின் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு ஆடினோம். எல்விஸ் பிரெஸ்லியின் சாயலில் ஓர் அமைச்சர் திரையில் தோன்றி, மக்கள் மகிழ்ச்சியாக இல்லை என்று முறையிடுவார். பள்ளியில் தேதிப் பட்டியலாக மட்டுமே வந்து போன வரலாறு, காரண காரியங்களின் பின்னலாக முதன்முதலில் நமக்குத் தென்பட்டது அந்த இரவுகளில்தான். எழுத்தறிவு இன்றி நூலகம் இல்லை, மட்பாண்டம் இன்றிக் களஞ்சியம் இல்லை என்பதை எந்த ஆசிரியரும் அவ்வளவு அழுத்தமாகச் சொன்னதில்லை.

பின்னர் மூன்றாம் பதிப்பு 2001-இலும் நான்காம் பதிப்பு 2005-இலும் வந்தன. நான்காவதற்குக் கிறிஸ்டோபர் டின் சுவாஹிலி மொழியில் இசையமைத்த தொடக்கப்பாடல் 2011-இல் கிராமி விருது பெற்றது. கணினி ஆட்டத்துக்கென ஆக்கப்பட்ட இசைக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. ஐந்தாம் பதிப்பு 2010-இல் சதுரக் கட்டங்களை அறுகோணங்களாக்கி, ஒரு கட்டத்தில் ஒரு படைக்கு மட்டுமே இடம் என்று விதித்தது. பழையவர்கள் கொதித்தார்கள், நாமும் கொதித்தோம். 2012, 2013 ஆண்டுகளில் வந்த இரு விரிவாக்கங்களுக்குப் பின் அதே ஆட்டத்தைப் போற்றத் தொடங்கினோம். 2016-இல் ஆறாவது வந்தபோது, ஐந்தாவதே சிறந்தது என்று வாதிட்டவர்களுள் நாமும் ஒருவர்.

இத்தொடரை உருவாக்குவோரிடம் ஒரு கணக்கு உண்டு. புதிய பதிப்பில் மூன்றில் ஒரு பங்கு பழையதாகவும், ஒரு பங்கு திருத்தியதாகவும், ஒரு பங்கு முற்றிலும் புதியதாகவும் இருக்க வேண்டும் என்பது அது. வாங்குபவரின் சங்கடம் அந்த மூன்றாம் பங்கில் இருக்கிறது. நாம் பணம் கொடுப்பது பழைய இரவுகளுக்காக. பெட்டிக்குள் இருப்பதோ வேறொன்று.

ஏழாம் பதிப்பின் புதுமை தொடரின் அடிப்படையையே அசைத்தது. தொன்மை, கடலோட்டம், நவீனம் என்று காலம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஒரு யுகம் முடிந்ததும் அதுவரை ஆண்ட நாகரிகத்தைக் கைவிட்டு வேறொன்றைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. தலைவர்கள் நாகரிகங்களிலிருந்து கழற்றப்பட்டார்கள். சோழரை நெப்போலியன் ஆளலாம். பெஞ்சமின் பிராங்க்ளினும் ஆளலாம். வரலாறு அடுக்கடுக்காக அமைவது என்பதே இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் ஒரே மக்களை ஆறாயிரம் ஆண்டுகள் நடத்திச் செல்வதுதான் முதல் ஆட்டம் தந்த கனவு. மனக்குறை பரவலாக எழுந்த பின், ஒரே நாகரிகத்துடன் இறுதிவரை செல்லும் வழியை நிறுவனமும் தேடலாயிற்று.

நமது தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இவ்வகை ஆட்டங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நான்கு வினைகளைக் குறிப்பது: தேடு, பரவு, சுரண்டு, அழி. இந்த இயந்திரத்துக்குள் யாரை நுழைத்தாலும் அவர் பேரரசராகத்தான் வெளியே வருவார். 2018-இல் க்ரீ மக்களின் தலைவர் பவுண்ட்மேக்கரை ஆறாம் பதிப்பின் விரிவாக்கத்தில் சேர்த்தபோது, நிலத்தை வென்றெடுப்பது தம் முன்னோரின் நெறியன்று என்று கனடாவிலுள்ள அம்மக்களின் பிரதிநிதி ஒருவர் மறுப்புத் தெரிவித்தார். காந்தியாரையும் அணுகுண்டு வீசுபவராக ஆக்கிச் சிரித்த தொடர்தான் இது. முதல் ஆட்டத்தில் நேர்ந்த எண் பிழையால் அவ்வாறு ஆயிற்று என்று நெடுநாள் உலவிய கதையை, அப்படியொரு பிழையே இருந்ததில்லை என்று 2020-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் மையரே மறுத்துவிட்டார்.

சோழர் விஷயத்தில் நமக்கு இன்னும் கடினமான கேள்வி எழுந்தது. 1025-இல் இராசேந்திரன் ஸ்ரீவிஜயத்தின் மீது செலுத்திய கடற்படை இந்த ஆட்டத்தின் இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிறது. பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில், உத்தரமேரூர்ச் சபை கல்லில் வெட்டிவைத்த தேர்தல் விதிகளோ எங்கும் பொருந்தவில்லை. உறுப்பினராகத் தகுதியுடையவர் யார், கணக்குக் காட்டாதவர் ஏன் விலக்கப்படுகிறார் என்று அவ்வளவு நுணுக்கமாகப் பேசும் கல்வெட்டுக்குப் புள்ளி வழங்கும் ஆட்டம் இன்னும் வரவில்லை. கடாரத்துக்கு மட்டும் மார்தட்டிக்கொண்டு நாம் இதை வாங்கினால், எதைப் பெருமையாகக் கருதுகிறோம்?

இறுதியில், விலை குறைந்த ஒரு வாரத்தில் வாங்கிவிட்டோம். மௌரியராகத் தொடங்கினோம், அவ்வழியே சென்றால் சோழர் திறப்பார்கள். அசோகரின் கல்வெட்டுகளில் சோழரும் பாண்டியரும் அவருடைய எல்லைக்கு அப்பாலுள்ள அயலாராகவே குறிக்கப்படுகிறார்கள். இங்கே அந்த அயலாரே மௌரியரின் வாரிசுகள்! முகம் சுளித்துக்கொண்டேதான் ஆடினோம். ஆனால் யுகம் மாறி, கப்பலுக்குக் 'கலம்' என்றும், கட்டடங்களுக்கு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்றும் பெயர்கள் திரையில் வந்தபோது கை நின்றுவிட்டது. கல்வெட்டுத் தொகுதிகளிலும் வணிகக் குழுக்கள் பற்றிய ஆய்வுகளிலும் மட்டுமே நாம் கண்டிருந்த சொற்கள் அவை. இவற்றை யாரோ தேடிப் படித்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்தபோது இரவு இரண்டு மணி.

யுகம் முடிந்தது. அடுத்த நாகரிகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு திரை வந்தது. மூன்றாம் இராசேந்திரனோடு, 1279 அளவில், சோழர் ஆட்சி முடிந்ததை நாம் அறியாதவர் அல்லர். ஆயினும் அந்தப் பொத்தானை அழுத்த மனம் வராமல் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு எழுந்தோம். மறுநாள் இரவு பழைய நான்காம் பதிப்பைத் திறந்து, வழக்கம்போல் கி.மு. 4000-இலிருந்து தொடங்கினோம். சேமித்த ஆட்டம் அந்தத் திரையிலேயே இன்னும் காத்திருக்கிறது.